கண்டவர் உரைக்கும் சாட்சி: ஓர் ஆவணப்படம் கற்பிக்கும் பாடம்

‘சாட்சி’ என்னும் சொல் திருச்சபையில் பெரிதும் வழங்கும் சொற்களுள் ஒன்று. வழிபாட்டிலும் செபக் கூட்டங்களிலும் அச்சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவ்வாறு கேட்டுப் பழகியதனாலேயே அதன் கூர்மை ஓரளவு மழுங்கிப் போயிற்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் சாட்சியைக் குறிக்கும் ‘மார்த்துஸ்’ என்னும் சொல் வழக்கு மன்றத்துக்கு உரியது. தான் கண்டதைப் பிறர் முன் உரைத்து, உரைத்ததற்குத் தானே பொறுப்பேற்பவரை அது குறித்தது. அவ்வாறு உரைத்ததற்காக உயிரைக் கொடுத்தவர்களையும் காலப்போக்கில் அச்சொல்லே குறிக்கலாயிற்று. காணுதல், உரைத்தல், அதற்கான விலையைக் கொடுத்தல் ஆகிய மூன்றும் சாட்சியில் அடங்கும்.

அமெரிக்காவில் இனவெறி அநீதியை எதிர்த்து நின்ற மாந்தரைப் பற்றி ‘ஐஸ் ஆன் த பிரைஸ்’ என்னும் ஆவணப்படத் தொடர் 1987-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ‘பரிசின்மேல் கண்கள்’ என்று இத்தலைப்பைத் தமிழில் கூறலாம். 1954 முதல் 1965 வரையிலான நிகழ்ச்சிகளை இதன் ஆறு பகுதிகள் விவரிக்கின்றன. இப்படம் பெற்ற புகழைக் கூறுவது நம் நோக்கமன்று. இது உருவாக்கப்பட்ட முறையையும், அம்முறையினின்று சாட்சியைக் குறித்துத் திருப்பணியாளர் கற்கத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. பாலத்தின்மேல் பிறந்த எண்ணம்

இத்தொடரை உருவாக்கியவர் ஹென்றி ஹாம்ப்டன். 1940-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். பதினைந்தாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் செயலிழந்தமையால், வாழ்நாள் முழுவதும் காலில் தாங்கு கருவி அணிந்து நடந்தார். 1965-இல் பாஸ்டன் நகரில் யூனிட்டேரியன் சபைச் சங்கத்தின் செய்தித் தொடர்புத் துறையில் பணியாற்றி வந்தார்.

அவ்வாண்டு மார்ச் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில் ஏறத்தாழ 600 பேர் வாக்குரிமை வேண்டி நடைப்பயணம் புறப்பட்டனர். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் மாநிலக் காவல் படையினர் அவர்களைத் தடியால் அடித்தும் கண்ணீர்ப்புகை வீசியும் சிதறடித்தனர். அன்றிரவு ஏ.பி.சி. தொலைக்காட்சி, நாசிகளின் போர்க் குற்ற விசாரணையைக் காட்டும் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’ என்னும் திரைப்படத்தை இடையில் நிறுத்திவிட்டு, செல்மாவின் காட்சிகளைக் காட்டிற்று. பிறநாட்டாரின் குற்றத்தைக் கண்டுகொண்டிருந்த பல கோடி மக்கள் தம் நாட்டின் குற்றத்தைத் தம் வீட்டுக் கூடத்திலேயே கண்டனர்.

மார்ட்டின் லூதர் கிங் நாடெங்கும் உள்ள திருப்பணியாளர்களைச் செல்மாவுக்கு வருமாறு அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றுச் சென்றவர்களுள் ஹாம்ப்டனும் ஒருவர். இரண்டாம் நடைப்பயணத்தில் அந்தப் பாலத்தின்மேல் நடந்தபோதே, இவ்வரலாறு படமாக வேண்டும் என்னும் எண்ணம் தம் உள்ளத்தில் தோன்றியதாக அவர் பின்னாளில் கூறினார். 1968-இல் ‘பிளாக்சைட்’ என்னும் படத் தயாரிப்பு நிறுவனத்தைப் பாஸ்டனில் நிறுவினார். 1970-களின் இறுதியில் வணிகத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் ஆதரவுடன் மேற்கொண்ட முதல் முயற்சி கைகூடவில்லை. பல ஆண்டுகள் நிதி திரட்டிய பின்னரே படம் நிறைவு பெற்றது. எண்ணம் தோன்றியதற்கும் படம் வெளிவந்ததற்கும் இடையே 22 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இத்தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது. மிசிசிப்பியின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் 1977-இல் காலமானார். கொலையாளிகளை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டிய முதியவர் மோஸ் ரைட்டும் அதே ஆண்டில் மறைந்தார். இவ்விருவரின் வாழ்வும் படத்தில் இடம் பெறுகிறது. ஆனால் ஹாம்ப்டனின் குழுவினர் அவர்கள் எதிரே அமர்ந்து கேட்க இயலாது போயிற்று. சாட்சிகள் என்றென்றும் நம்முடன் இருப்பதில்லை.

2. பேசத் தகுதியுடையவர் யார்?

வரலாற்று ஆவணப்படங்களில் அறிஞர்கள் தோன்றி நிகழ்ச்சிகளுக்கு விளக்கம் கூறுவது பொது வழக்கம். ஹாம்ப்டன் இவ்வழக்கத்தை விலக்கினார். நிகழ்ச்சியில் பங்கு கொண்டவர்களும் அதை நேரில் கண்டவர்களும் மட்டுமே படத்தில் பேச வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. இவர்கள் கூற்றுகளை இணைக்கும் பின்னணி உரையை ஜூலியன் பாண்ட் வாசித்தார். அவரும் அப்போராட்டத்தில் மாணவர் இயக்கத்தின் செய்தித் தொடர்பாளராக உழைத்தவரே.

அறிஞர்களை அவர் புறக்கணித்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. படப்பிடிப்புக்கு முன்னரே வரலாற்றறிஞர்களையும் போராட்டத்தில் ஈடுபட்டவர்களையும் வரவழைத்து, தயாரிப்புக் குழுவினர் அனைவரும் மாணவர்போல் அமர்ந்து பயிலும் பள்ளி ஒன்றை நடத்தினார். அறிஞரின் பணி சாட்சியை எவ்வாறு கேட்பது என்று கற்பிப்பது. சாட்சியின் இடத்தில் தாம் அமர்வதன்று. தயாரிப்பாளர்களையும் ஒரு கறுப்பினத்தவர், ஒரு வெள்ளையர் என இருவர் இருவராக இணைத்தார். ஒருவர் காணத் தவறுவதை மற்றவர் காண்பார் என்பதே இதன் கருத்து. இவர்களிடையே வாதங்கள் எழுந்ததுண்டு. அவ்வாதங்களின் வழியாகவே படம் செம்மையுற்றது.

இந்நெறி திருமறை மாணவருக்குப் புதிதன்று. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்தபோது, யோவானின் ஞானஸ்நானம் முதல் ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை உடனிருந்தவராக அவர் இருக்க வேண்டும் என்று பேதுரு வரையறுத்தார் (அப். 1:21,22). லூக்கா தம் நற்செய்தியின் முன்னுரையில், கண்ணாரக் கண்டவர்களின் கூற்றையே அடிப்படையாகச் சுட்டுகிறார் (லூக். 1:1-4). கேட்டதும் கண்டதும் கைகளால் தொட்டதுமே தம் செய்தி என்கிறது யோவானின் முதல் நிருபம் (1:1-3). உடனிருந்தவர் உரைப்பதற்கும் அதைப்பற்றி அறிந்தவர் உரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் திருச்சபை தொடக்கமுதலே உணர்ந்திருந்தது.

3. பெரியோரும் எளியோரும்

குடிமையுரிமை இயக்கம் என்றவுடன் கிங் அவர்களின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. அவருடைய பெருமை குறைவதற்கில்லை. ஆயினும் இப்படம் அவரிடமிருந்து தொடங்கவில்லை. 1955-ஆம் ஆண்டு மிசிசிப்பியில் கொலையுண்ட எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனின் வரலாறு முதற்பகுதியிலேயே வருகிறது. சிக்காகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த அச்சிறுவனை நள்ளிரவில் இருவர் கடத்திச் சென்று கொன்றனர். அவன் தாய் மேமி டில், சிதைந்த உடலைத் திறந்த பெட்டியிலேயே வைத்து, உலகம் காணட்டும் என்று முடிவு செய்தார். ‘ஜெட்’ இதழ் அவ்வுருவத்தை வெளியிட்டது.

விசாரணை மன்றத்தில், சிறுவனின் தாய்வழிப் பாட்டனார் முறையினரான மோஸ் ரைட் எழுந்து நின்று, தம் வீட்டுக்கு வந்த இருவரையும் கை நீட்டிச் சுட்டினார். அவர் வாரத்துக்குப் பயிரிடும் ஏழை உழவர், பிரசங்கமும் செய்தவர். அக்காலத்து மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரைக் கொலைகாரர் என்று மன்றத்தில் சுட்டுவது தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் செயலாகும். வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுதலை செய்தது. சில திங்களுக்குப் பின், ‘லுக்’ இதழில் அவர்களே பணம் பெற்றுக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டனர். மோஸ் ரைட் தம் நிலத்தை விட்டு நீங்கிச் சிக்காகோ சென்றார். வழக்கு தோற்றது. ஆனால் நீட்டிய அந்தக் கை தோற்கவில்லை. அதைக் காட்டும் ஒரு நிழற்படம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1-ஆம் நாள் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானதை யாவரும் அறிவர். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் அருகே விழித்திருந்து, பேருந்துப் புறக்கணிப்புக்கு அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார் என்பதை அறிந்தவர் சிலரே. 381 நாள்கள் நீடித்த புறக்கணிப்பு அவ்வறிக்கைகளுடன் தொடங்கிற்று. அரசுக் கல்லூரியில் பணி செய்த அவர் தம் பங்கை நெடுநாள் வெளியே கூறவில்லை. இப்படத்தில் அவர் தம் வாயாலேயே அதைக் கூறுகிறார்.

இறையியல் மாணவர்க்கு மிக நெருக்கமான பெயர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர் இவர். பின்னர் மெதடிஸ்டு ஊழியராக நம் நாட்டின் நாக்பூருக்கு வந்து, அங்குள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்தியடிகளின் அகிம்சை நெறியைக் கற்றார். அமெரிக்கா திரும்பியபின் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். அந்நகரின் ஆலயக் கட்டடங்களில் மாணவர்களைக் கூட்டி, அடித்தாலும் இகழ்ந்தாலும் திருப்பித் தாக்காதிருக்கும் பயிற்சியை அளித்தார். 1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள் வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவு மேசைகளில் அமர்ந்தனர். மார்ச்சு மாதத்தில் பல்கலைக்கழகம் லாசனை நீக்கியது. இறையியற் பள்ளியின் ஆசிரியர்கள் பலர் இதைக் கண்டித்துப் பதவி விலக முன்வந்தனர். லாசனிடம் பயின்றவர்களுள் ஜான் லூயிஸ், சி. டி. விவியன் ஆகிய இருவரும் நாஷ்வில்லின் அமெரிக்கன் பாப்டிஸ்டு இறையியற் கல்லூரியின் மாணவர்களாவர். செல்மா பாலத்தில் மண்டை உடைபட்டவர் அதே ஜான் லூயிஸ்தான். இறையியற் கல்வி வகுப்பறைச் சுவருக்குள் முடிவதில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

4. எதிர்த்தரப்பினரும் பேசுகின்றனர்

அநீதியை எதிர்த்தவர்களின் படத்தில், அநீதியை நடத்தியவர்களுக்கும் இடம் உண்டா? ஹாம்ப்டன் இடம் அளித்தார். இனப் பாகுபாட்டைக் காப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், செல்மாவில் மக்களைத் தாக்கிய காவல் அதிகாரி ஜிம் கிளார்க் ஆகியோரிடம் படக்குழுவினர் நேரில் சென்று பேட்டி கண்டனர். அவர்களை ஏளனம் செய்யும் நோக்கத்துடன் வினாக்கள் எழுப்பப்படவில்லை. அவர்கள் தாம் செய்ததைத் தம் சொற்களாலேயே கூறுகின்றனர். பார்ப்பவரே தீர்ப்புச் செய்து கொள்ளலாம்.

இவ்விருவரின் பிற்கால வாழ்வு வேறுவேறு வழியில் சென்றது. வாலஸ் பின்னாளில் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரினார். கிளார்க் இறுதிவரை தம் செயலுக்காக வருந்தவில்லை. இரண்டும் மனித இயல்பே. மாற்றான் அரக்கன் அல்லன், நம்மைப் போன்ற மனிதனே என்று காட்டும்போது அவன் குற்றம் குறைந்துவிடுவதில்லை, மிகுகிறது. ஏனெனில் அரக்கனுக்கு மனந்திரும்பும் பொறுப்பு இல்லை, மனிதனுக்கு உண்டு.

5. சாட்சியமும் சோதனையும்

நேரில் கண்டவர் கூறுவதெல்லாம் உண்மையாகிவிடுமா? முப்பதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை நினைவிலிருந்து கூறும்போது, பிறரிடம் கேட்டதும் செய்தித்தாளில் படித்ததும் அதனுடன் கலந்துவிடக் கூடும். ஆகவே படக்குழுவினர் ஒவ்வொரு கூற்றையும் பிற ஆதாரங்களுடன் ஒப்பிட்டனர். பழைய படச்சுருள்களையும் அவை உரிய நிகழ்ச்சிக்கு உரியனவா என்று ஆராய்ந்தே சேர்த்தனர். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினாலே காரியம் நிலைவரப்பட வேண்டும் என்னும் உபாகமக் கட்டளையின் (19:15) பொருள் இதுவேயாகும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் குறை நேர்ந்தது. எம்மெட் டில் கடையினுள் சென்ற அந்நாளின் நிகழ்ச்சியை, அவன் உறவினர் ஒருவர் படத்தில் விவரிக்கிறார். அன்று அக்கடையில் உடனிருந்த மற்றோர் உறவினர், படத்தில் பேசியவர் அந்நேரத்தில் அங்கு இல்லை என்று பின்னாளில் மறுத்தார். இதனால் கொலை நடந்தது என்னும் உண்மையோ, மோஸ் ரைட்டின் சாட்சியமோ சிறிதும் அசையவில்லை. ஆயினும், கொடுமைக்கு உள்ளானவர் தரப்பில் பேசுகிறோம் என்பதற்காகச் சோதித்தறியும் கடமையிலிருந்து நாம் விடுபடுவதில்லை. ஒடுக்கப்பட்டோரின் வழக்கில் ஒரு சிறு பிழை நேரினும், அதைப் பற்றிக்கொண்டு வழக்கு முழுவதையும் தள்ளிவிடக் காத்திருப்போர் பலர் உளர். உண்மையைத் துல்லியமாகக் கூறுவது அவர்களுக்கு நாம் காட்டும் அன்பின் ஒரு பகுதியே.

6. இரு மரணங்கள்

செல்மா நடைப்பயணத்துக்கு முன்னோடியாய் அமைந்தது ஒரு மரணம். 1965 பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு, மேரியன் என்னும் சிற்றூரில், ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் இருபத்தாறு வயது கறுப்பின இளைஞரை மாநிலக் காவல் படையினர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். பாப்டிஸ்டு சபையில் உதவிக்காரராக இருந்த அவர், தம் குடும்பத்தாரைக் காக்க முயன்றபோதே சுடப்பட்டார். எட்டாம் நாள் உயிர் நீத்தார். அடுத்த மாதம் 9-ஆம் நாள், கிங்கின் அழைப்பை ஏற்றுப் பாஸ்டனிலிருந்து வந்திருந்த யூனிட்டேரியன் போதகர் ஜேம்ஸ் ரீப், செல்மாத் தெருவில் தாக்கப்பட்டு 11-ஆம் நாள் மரித்தார். அவர் வெள்ளையர்.

ரீபின் மரணத்தால் நாடே அதிர்ந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அவர் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். மார்ச்சு 15-ஆம் நாள் காங்கிரசில் ஆற்றிய உரையில், தேவ மனிதர் ஒருவர் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டார். ஜாக்சனின் மரணத்துக்கு அவ்வுரையில் இடம் கிடைக்கவில்லை. ஒரே போராட்டத்தில் மாண்ட இருவரின் உயிருக்கு நாடு இருவேறு விலை வைத்ததை ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற இளைஞர்கள் அன்றே சுட்டிக்காட்டினர்.

ஹாம்ப்டன் ரீபின் சபையைச் சார்ந்த சங்கத்தின் பணியாளராகவே செல்மாவுக்குச் சென்றவர். தம் சபையின் இரத்தசாட்சியை மட்டும் முன்னிறுத்தும் சோதனை அவருக்கு எளிதில் நேர்ந்திருக்கலாம். ஆனால் படம் இரு மரணங்களையும் உரிய வரிசையில் வைக்கிறது. ரீபுடன் தாக்கப்பட்ட போதகர் ஆர்லாஃப் மில்லர் அந்நிகழ்ச்சியை விவரிக்கிறார். அதற்கு முன்பே ஜாக்சனின் மரணம் கூறப்பட்டுவிடுகிறது. படம் வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2010-இல்தான் ஜாக்சனைச் சுட்டவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 45 ஆண்டுகள் கழித்து அவர் பெற்ற தண்டனை ஆறு திங்கள் சிறை.

1965 ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அவ்வெற்றியுடன் முதல் ஆறு பகுதிகளும் முடிகின்றன. ஹாம்ப்டன் அத்துடன் நிறுத்தியிருந்தால் இனிய முடிவாக இருந்திருக்கும். ஆனால் 1965-க்குப் பிற்பட்ட இருபது ஆண்டுகளின் கசப்பையும் பிளவையும் காட்டும் மேலும் எட்டுப் பகுதிகளை 1990-இல் வெளியிட்டார். வெற்றியுடன் முடியும் சாட்சி மட்டுமே சாட்சி என்று எண்ணும் நமக்கு இதுவும் ஒரு பாடம்.

7. சாட்சியத்தைக் காத்தல்

1990-களில் எதிர்பாராத ஓர் இடர் நேர்ந்தது. படத்தில் எடுத்தாண்ட பழைய செய்திப் படங்கள், நிழற்படங்கள், பாடல்கள் ஆகியவற்றின் பயன்பாட்டு உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே பெறப்பட்டிருந்தது. அக்காலம் முடிந்ததும் படத்தை மீண்டும் ஒளிபரப்பவோ புதிய படிகளை விற்கவோ இயலவில்லை. ஹாம்ப்டன் 1998-இல் மறைந்தார். 2005-இல் அறக்கட்டளை ஒன்றும் கொடையாளர் ஒருவரும் அளித்த பெருந்தொகையால் உரிமைகள் புதுப்பிக்கப்பட்டு, 2006-இல் படம் மறுபடியும் தொலைக்காட்சியில் வந்தது. படத்துக்காக எடுத்த நேர்காணல்களின் முழு வடிவம் செயின்ட் லூயிசிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகிறது. சாட்சியைப் பெறுவது ஒரு பணி. அதைக் காப்பது மற்றொரு பணி.

8. திருப்பணிக்கு உரிய பாடம்

படத்தின் தலைப்பு விடுதலைப் பாடல் ஒன்றிலிருந்து வந்தது. கலப்பையின்மேல் கை வைத்திருப்பதைப் பற்றிய பழைய ஆவிக்குரிய பாடலைத் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஆலிஸ் வைன் என்னும் அம்மையார், பரிசின்மேல் கண் வைத்திருப்பதைப் பற்றியதாக மாற்றிப் பாடினார். லூக்கா 9:62-இலிருந்து பிலிப்பியர் 3:14-க்கு அப்பாடல் நடந்து சென்றது எனலாம். அம்மாற்றத்தைச் செய்தவர் பேராசிரியர் அல்லர். சபையில் பாடிய ஓர் எளிய பெண்மணி.

எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர் பலரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இறுதியில், வேறு சிலர் என்று கூறி, அடிபட்டோரையும் கட்டுண்டோரையும் பெயரின்றிக் குறிப்பிடுகிறது. நம் பிரசங்கங்களில் பெயருள்ளவர்களைப் பற்றி நிரம்பப் பேசுகிறோம். அந்த ‘வேறு சிலர்’ நம் சபைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய வரலாற்றை நாம் எடுத்துக் கூறுமுன், அவர்களே கூறுவதை அமர்ந்து கேட்டிருக்கிறோமா? கேட்டதை நம் பிரசங்கத்துக்கு ஏற்றவாறு வளைக்காமல் கூறுகிறோமா? ஒருவர் துயரத்துக்கு ஒரு விலையும் மற்றொருவர் துயரத்துக்கு வேறொரு விலையும் வைக்கிறோமா? அவர்கள் மறைவதற்கு முன் எழுதி வைத்திருக்கிறோமா?

இவ்வினாக்களுக்குப் படக்கருவிகளோ பெருநிதியோ தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். ஊழியத்துக்குச் செல்லும் இளையோர், தாம் செல்லும் சபையிலுள்ள முதியோருள் ஒருவரிடமாவது சென்று அமர்ந்து, அவர் கண்டதையும் அதற்காக அவர் கொடுத்த விலையையும் கேட்டு எழுதுவாராக. பேசும் ஊழியத்துக்கு முன்னே கேட்கும் ஊழியம் ஒன்று இருக்கிறது. அதில் தேறியவரே சாட்சிகளின் மேகத்தைக் குறித்துத் துணிவுடன் பேசத் தகுதியுடையவராவர்.